பிரகதாவுக்குக் கொடுத்த கை

வேம்பு யாரிடம் எதை வாங்கினாலும் வலது கையால்தான் வாங்குவாள். இடது கை முந்தானைக்குள் இருக்கும். ரேஷன் கடையில் அரிசி போடும்போது பையின் ஒரு காதை வலது கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு காதைப் பல்லால் கடித்துக்கொள்வாள். குடத்தை இடுப்பில் ஏற்ற வேண்டுமானால் முழங்காலை மடித்து முட்டுக் கொடுப்பாள். புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள், இடது கையை நீட்டக்கூடாது என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொள்வார்கள். தெற்குத் தெருவின் பழைய ஆட்களுக்கு விஷயம் தெரியும். பதினெட்டு இருபது வருஷமாகப் பார்க்கிறார்கள். ஆனால் அதைப் பற்றி அவள் எதிரில் யாரும் பேசுவதில்லை.

அது ஒரு காலத்தில் மற்ற கையைவிட வேகமான கை. நாற்றங்காலில் இறங்கினால் வலது கை பறிக்கிற அளவு இடது கையும் பறிக்கும்.

பூதலூருக்குக் கிழக்கே வாய்க்காலை ஒட்டி இருக்கிறது அந்த ஊர். வேம்பின் மாமனார் கண்ணுசாமி முதலில் பண்ணையில் ஆளாக இருந்தவர். பிறகு கட்டளை நிலத்தில் நாலு மா, ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கர், குத்தகைக்குப் பிடித்தார். எந்தக் காலத்திலோ ஒரு குடும்பம் அன்னதானத்துக்கென்று எழுதி வைத்த நிலம் அது. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்தபோது, நாள் முழுக்கத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று தன் பெயரைப் பதிந்துகொண்டு வந்தவர். அவர் போன பிறகு அந்தப் பதிவை மகன் இளையபெருமாள் பெயருக்கு மாற்ற மனுக் கொடுத்தார்கள். இளையபெருமாள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். பொங்கலுக்கு வருவான், ஒரு வாரம் இருப்பான். ஆகவே மனுவுக்கு அலைந்ததும் வேம்புதான், மண்வெட்டி பிடித்ததும் வேம்புதான்.

அந்த நாட்களில் ஒரு மாலை, களை எடுத்துவிட்டு வந்த ஒருத்தியின் கையை மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் பிடித்து இழுத்துவிட்டான். மகளிர் குழுவில் அதைப் பற்றிப் பெரிய பேச்சானது. அப்போதுதான் ஹமீதா பானு வந்தாள்.

ஹமீதா பானு நாகூர்க்காரி. பினாங்கில் வளர்ந்தவள். அங்கே ஒரு பள்ளியில் ஐகிடோ என்னும் ஜப்பான் சண்டைக்கலையை எட்டு வருஷம் படித்திருந்தாள். அவள் புருஷன் அப்துல் அஜீஸுக்குப் பூதலூர் ஸ்டேஷன் ரோட்டில் பாத்திரக்கடை. குழுத் தலைவி குடம் வாங்கப் போன இடத்தில் பேச்சு வந்து, "நான் வந்து சொல்லித் தரவா?" என்று அவளாகவே கேட்டாள். வாரத்தில் மூன்று சாயங்காலம், ஊர்ச் சமுதாயக் கூடத்தில் வகுப்பு. சாக்குகளில் வைக்கோலை அடைத்து, வரிசையாகப் பரப்பி, மேலே நெல் மூடுகிற தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு பதினோரு பேர் நின்றார்கள். ஹமீதா முழுக்கைச் சுடிதாரும் தலையில் துணியுமாக முன்னால் நிற்பாள்.

அவள் சொல்லிக்கொடுத்ததில் எல்லாருக்கும் பிடித்தது மணிக்கட்டைத் திருப்பித் தள்ளுவது. ஜப்பான்காரன் அதற்கு வைத்த பெயர் கொத்தே காயெஷி. நம் பெண்கள் 'கொத்துக்காய்' என்றே சொன்னார்கள். ஹமீதாவும் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள்.

"பலம் வேணாம் புள்ள. அவன் கை வருதா, நீ எதிர்ல நிக்காத. பக்கத்துல ஒதுங்கு. அவன் புறங்கையில, மோதிர விரலு இருக்கு பாரு, அந்த முட்டிக்குப் பக்கத்துல உன் கட்டை விரல வை. மத்த விரலால அவன் கட்டை விரல் அடியச் சுத்திப் பிடி. இப்ப கையை முறுக்காத. உன் உடம்பத் திருப்பு. உடம்பு திரும்பினா கை தானா வெளிப்பக்கம் மடங்கும். அவன் மல்லாந்துருவான். மல்லாந்தவன அப்படியே விட்டுட்டு நிக்கக்கூடாது. கையை விடாம அவன் தலையைச் சுத்தி நட. அவன் குப்புறப் புரண்டுருவான். ரெண்டு முழங்காலையும் தோளுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஊணி, கையை நட்டுக்க நிறுத்திப் பிடி. யானை பலம் இருந்தாலும் எந்திரிக்க முடியாது."

இதைப் பழக இரண்டு பேர் வேண்டும். தள்ளுகிறவள் ஒருத்தி, விழுகிறவள் ஒருத்தி. விழுகிறவள் கையை ஒழுங்காகக் கொடுக்காவிட்டால் தள்ளுகிறவள் கற்றுக்கொள்ள முடியாது. "கை கொடுக்கிறவங்க மனசோட கொடுக்கணும். பயந்து பயந்து கொடுத்தா ரெண்டு பேருக்கும் அடிபடும்" என்பாள் ஹமீதா. அதற்கு இரண்டு வழக்கம் வைத்திருந்தாள். தொடங்குமுன் இன்றைக்கு உடம்பில் எங்கே வலி என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, வலித்தால் தரையை இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். தட்டினால் பிடித்திருப்பவள் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது.

வேம்புக்கு ஜோடி பிரகதாம்பாள். எதிர்வீட்டுக்காரி. ஒரே வருஷம் பிறந்தவர்கள். பிரகதா பத்தாவது முடித்திருந்தாள், போலீசில் சேர வேண்டும் என்று வெறியாக இருந்தாள். அதனால் எப்போதும் தள்ளுகிறவள் அவள், விழுகிறவள் வேம்பு. ஒரு சாயங்காலத்தில் நாற்பது ஐம்பது தடவை விழுவாள்.

"வேம்பு விழுறதப் பாருங்கடி, வண்டியிலேருந்து பூசணிக்காய உருட்டி விட்ட மாதிரி" என்று யாராவது சொல்வார்கள்.

"உருட்டுறவளுக்குக் கூலி குடுங்கடி முதல்ல" என்பாள் பிரகதா, மூச்சு வாங்க.

அவளிடம் ஒரு குறை இருந்தது. அவசரத்தில் கட்டை விரல் புறங்கையிலிருந்து வழுக்கி மணிக்கட்டுக்கு இறங்கிவிடும். ஹமீதா நூறு தடவை சொன்னாள். போலீஸ் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, தஞ்சாவூரில் மகளிர் குழு விழாவில் செய்து காட்ட வேண்டும் என்று அழைப்பு வந்தது. இரண்டு பேரும் தனியாக நின்று பழகினார்கள். அன்றைக்கு விரல் வழுக்கியது. வேம்பின் உடம்பு திரும்புவதற்கு முன்னால் பிரகதா திருப்பிவிட்டாள். காய்ந்த அகத்திக் குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. இடது மணிக்கட்டு.

வேம்பு தட்டவில்லை. தட்டுவதற்குள் பிரகதாவே விட்டுவிட்டு, அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"ஹமீதாக்காகிட்ட சொல்லிடாத வேம்பு. விழாவுல என்னைய நிறுத்திருவாங்க."

"சொல்லல. அழாத."

"மாரியம்மா சத்தியமா இந்தக் கைய இனிமே நான் தொட மாட்டேன்."

வேம்பு வீட்டில் வாய்க்கால் படியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். எலும்பு கட்டுகிறவரிடம் போய் மூங்கில் பட்டை வைத்துக் கட்டிக்கொண்டாள். இருபது நாள் நடவு வேலைக்குப் போகவில்லை. கட்டு அவிழ்த்த மூன்றாம் நாள் தஞ்சாவூர் மேடையில் வலது கையைக் கொடுத்து ஆறு தடவை விழுந்தாள். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. பிரகதாவின் முகம் தெரிந்தது. வேம்பின் முதுகு தெரிந்தது. அந்த வருஷமே பிரகதா போலீசில் தேர்வானாள். ஊர் முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். வேம்புக்கு மட்டும் ஒரு புடவை எடுத்துக் கொடுத்தாள். பிரகதா வேலைக்குப் போன பிறகு வகுப்புக்கு வருகிறவர்கள் குறைந்து, வைக்கோல் சாக்குகள் மாட்டுக்குப் போயின.

அப்புறம் மூன்று வருஷம் ஆற்றில் ஒழுங்காகத் தண்ணீர் வரவில்லை. நாலு மாவும் வெடித்துக் கிடந்தது. கிராம நிர்வாக அலுவலர் ஒவ்வொரு பசலி ஆண்டுக்கும் எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று அடங்கல் கணக்கு எழுதுவாரே, அதில் மூன்று பசலிக்கும் 'தரிசு' என்றே விழுந்தது.

கட்டளைக்கு ஏஜெண்டாக இருந்தவர் இராஜாங்கம். இரண்டு கட்சிக் கரை வேட்டியும் அவர் பீரோவில் உண்டு, ஆட்சிக்கு ஏற்ற மாதிரி எடுத்துக் கட்டுவார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். மெயின்ரோடு அகலமானதும் அந்த நாலு மாவை மனைக்கட்டாகப் போட்டு விற்க ஆள் பார்த்திருந்தார்.

"நாலாவது வருஷமும் தரிசுன்னு விழட்டும்மா. குத்தகைக்காரன் நெலத்தக் கைவிட்டுட்டான்னு நான் எழுதி வாங்கிடறேன். ஒம் புருஷந்தான் திருப்பூர்ல சுகமா இருக்கானே" என்று வேம்பின் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

"தரிசா விழுறதப் பாத்துருவோங்க" என்றாள் வேம்பு. அவளுக்கு அதற்குமேல் பேச வராது.

நாலாவது வருஷம் தண்ணீர் வந்தது. காதில் கிடந்த தோட்டை வைத்து விதை வாங்கி, சம்பா நட்டாள். நட்டுப் பதினெட்டு நாளில் பயிர் பச்சை பிடித்து நின்றது. வியாழக்கிழமை பத்து மணிக்குக் கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் எழுத வருகிறார் என்று தெரிந்தது. அவர் வரும்போது பயிர் நிற்க வேண்டும். அவ்வளவுதான். நின்றால் நிலம் அவர்களுடையதாக இருக்கும். இல்லாவிட்டால் போய்விடும். இராஜாங்கம் ஆள் விட்டு ஏதாவது செய்வார் என்று விவசாயிகள் சங்கத்து முருகையன் எச்சரித்திருந்தார். தெருப் பெண்கள் இருபது பேர் வயலில் வந்து உட்காருவதாகப் பேச்சு.

புதன்கிழமை மத்தியானம் பிரகதா வந்தாள். பக்கத்து ஸ்டேஷனுக்கு மாறுதலாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. காக்கி உடுப்போடு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள்.

"என்னடி குழம்பு?"

"வெறால் மீனு. ஒக்காரு, போடறேன்."

சாப்பிட்டாள். இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கினாள். கை கழுவும்போது கேட்டாள்: "நாளைக்கு வயலுக்கு எல்லாரும் போறீங்களாமே. எத்தனை மணிக்கு?"

"எட்டு மணிக்கு வருவாளுவ. சோறாக்கி, புள்ளைங்களப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டுத்தானே வர முடியும்?"

"நீ?"

"நான் ஆறுக்கே போயிருவேன். மடை மாத்தணும்."

"தனியாவா?"

"எனக்கென்ன பயம்? உங்கிட்ட விழுந்து எந்திரிச்ச உடம்பு இது" என்று சிரித்தாள் வேம்பு. பிரகதாவும் சிரித்தாள்.

மறுநாள் ஆறு மணிக்கு, வேம்பு மண்வெட்டியோடு மடையில் நிற்கும்போது வாய்க்கால் கரையில் ஜீப் வந்தது. பின்னால், சேற்றை உழுகிற கேஜ்வீல் என்ற இரும்புச் சக்கரம் மாட்டிய டிராக்டர். இராஜாங்கம் ஏதோ உத்தரவு என்று ஒரு தாளை ஆட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் மூன்று பெண் போலீசும் இறங்கினார்கள். மூன்று பேரில் ஒருத்தி பிரகதா.

அவளைப் பார்த்ததும் வேம்புக்கு உயிர் வந்தது. நம்ம பிரகதா இருக்கிறாள், பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வயலுக்குள் இறங்கி டிராக்டருக்கு எதிரே நின்றாள்.

டிராக்டர்காரர் இறங்கவில்லை. "ஐயா, பயிரு நிக்குதுங்களே" என்றார்.

"ஓட்டச் சொன்னா ஓட்டு" என்றார் இராஜாங்கம்.

பிரகதா பூட்ஸோடு வயலில் இறங்கி வந்தாள். "இந்தாம்மா, நகருங்க. கவர்மெண்ட் வேலையத் தடுக்காதீங்க" என்றாள்.

யாரோ அந்நியரைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. வேம்பு திரும்பிப் பார்த்தாள், தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களோ என்று. அதற்குள் பிரகதா ஒரு காலைப் பின்னுக்கு வைத்து, உடம்பைப் பக்கவாட்டில் ஒதுக்கி, கையைத் தாழ்த்தி நின்றாள். சமுதாயக் கூடத்தில் தொடங்குமுன் நிற்பாளே, அதே நிலை.

வேம்பு அப்போது செய்ததை வேறு எந்த ஊர்ப் பெண்ணும் செய்திருக்க மாட்டாள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தால் மூன்று பேரும் அவளைத் தூக்க அரை மணி நேரமாவது ஆகியிருக்கும். அவளோ கையை நீட்டினாள். இரண்டு வருஷம் அந்த நிலையைப் பார்த்துப் பார்த்துக் கை கொடுத்த உடம்பு. மனசு சொல்லும் முன்னால் கை போய்விட்டது. வலது கை சேலையைத் தூக்கிப் பிடித்திருந்தது. போனது இடது கை.

பிரகதா அதைப் பார்த்தாள். எந்தக் கை என்று பார்த்துவிட்டுத்தான் பிடித்தாள்.

அடுத்து என்ன நடக்கும் என்று ஒவ்வொரு அடியும் வேம்புக்குத் தெரியும். புறங்கையில் கட்டை விரல் வந்து உட்கார்ந்தது. வழுக்கவில்லை. மோதிர விரல் முட்டிக்குப் பக்கத்தில், ஹமீதா சொன்ன இடத்தில், அச்சு வைத்த மாதிரி. உடம்பு திரும்பியது. மணிக்கட்டு வெளிப்பக்கம் மடங்கியது, பழைய முறிவு பிளந்துகொண்டது. மல்லாந்து விழுந்தாள். பூட்ஸ் கால்கள் அவள் தலையைச் சுற்றி நடந்தன. குப்புறப் புரண்டாள். பயிருக்கு நடுவில் முகம், தோளின் இரண்டு பக்கமும் முழங்கால், கை வானத்தைப் பார்த்து நின்றது.

வலது கையால் சேற்றை இரண்டு தட்டுத் தட்டினாள்.

பிடி தளரவில்லை. கேட்கவில்லையோ என்று மறுபடி இரண்டு தட்டினாள். பிரகதா குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "அசையாத வேம்பு, கொஞ்ச நேரந்தான்" என்றாள். கன்னத்துக்கடியில் சேறு குலுங்கியது. டிராக்டர் சுற்றத் தொடங்கியிருந்தது. அது எட்டுச் சுற்றுச் சுற்றும் வரை பிடி இருந்தது.

எட்டு மணிக்குப் பெண்கள் வந்தபோது வரப்போரம் நாலு வரிசைப் பயிர்தான் மிச்சம். பத்து மணிக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். மிதிபட்ட பச்சையைக் காட்டிக் காட்டி முருகையன் தொண்டை வற்றக் கத்தினார். "நான் பாக்குறப்ப என்ன இருக்கோ அதத்தாங்க எழுத முடியும்" என்று சொல்லிவிட்டு அவர் 'தரிசு' என்றே எழுதிக்கொண்டு போனார்.

அன்று மத்தியானமே, வேம்பு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன், பிரகதா வந்தாள். உடுப்பில்லாமல் சாதாரணப் புடவையில், பழப்பையோடு.

"நான் இல்லாட்டி வேற ஒருத்தி வந்திருப்பா வேம்பு. லத்தியால மண்டையிலயே போட்டுருப்பா."

"ரெண்டு தடவ தட்டினேன்."

"கேட்டுச்சு."

"கேட்டுச்சா?"

வேம்பு இன்னொன்று கேட்டாள். "ஆறு மணிக்கு நான் தனியா இருப்பேன்னு அவங்களுக்கு யாரு சொன்னா?"

பிரகதா பழப்பையின் முடிச்சை அவிழ்த்தாள், மறுபடி போட்டாள். அப்புறம் காலைப் பிடித்துக்கொண்டாள். சொன்னதைச் செய்யாவிட்டால் ராமநாதபுரத்துக்குத் தூக்கி அடித்துவிடுவார்கள், கைக்குழந்தையோடு எங்கே போவேன் என்று அழுதாள். "ஆஸ்பத்திரில கை எப்படி ஒடிஞ்சதுன்னு கேட்டா போலீஸுன்னு சொல்லிடாத. எம் பேருதான் வரும், வேல போயிரும். ஆர்.டி.ஓ. விசாரணைன்னு ஒண்ணு வரும்ல, அதுல என்னையக் கூப்பிடுவாங்க. பயிர் நின்னுச்சுன்னு நான் சொல்லிடறேன். யூனிஃபார்ம் போட்டவ சொன்னா எடுபடும். எம் புள்ள மேல சத்தியம்."

வேம்பு யோசித்தாள். கை போனது போனதுதான், நிலமாவது நிற்கட்டும் என்று நினைத்தாள். ஆஸ்பத்திரியில், வாய்க்கால் படியில் வழுக்கி விழுந்தேன் என்று இரண்டாம் தடவையும் சொன்னாள். அப்படியே சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். முருகையன் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, கையில இருந்த ஒரே சாட்சிய வாய்க்கால்ல விட்டுட்டியே!"

"பிரகதா சொல்லிருவா அண்ணே."

மூன்று மாதம் கழித்துத் தஞ்சாவூரில் பெயர் மாற்ற மனுமேல் ஆர்.டி.ஓ. விசாரணை. பிரகதா விறைப்பாக உடுப்பு போட்டுக்கொண்டு வந்தாள். கோட்டாட்சியர் கேட்டார். "சம்பவத்தன்னிக்கு நிலத்துல பயிர் இருந்ததா?"

"இல்லீங்க சார். தரிசாத்தான் இருந்துச்சு."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார். புல்லுதான் இருந்துச்சு."

வாழ்நாளில் ஒரு ஆபீசரிடம் தானாகப் பேசியறியாத வேம்பு அன்றைக்கு எழுந்துவிட்டாள். "ஐயா, என்னையக் குப்புறப் போட்டு ரெண்டு முட்டியும் ஊணி ஒக்காந்தாங்களே, அந்தக் காக்கிப் பேண்ட்டு முட்டி வரைக்கும் சேறா இருந்துச்சுங்களே. தரிசு நெலத்துல அம்புட்டுச் சேறு எப்படிங்கய்யா வரும்?"

அறையில் யாரோ சிரித்தார்கள். கோட்டாட்சியர் பேனாவை வைத்துவிட்டுத் தாள்களைப் புரட்டினார். "உங்களைக் கீழே தள்ளினதா எங்கேயும் இல்லையேம்மா. ஆஸ்பத்திரிச் சீட்டுல வழுக்கி விழுந்ததாத்தானே இருக்கு?"

வேம்பு பிரகதாவைப் பார்த்தாள். பிரகதா சுவரில் இருந்த மாவட்ட வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெயர் மாற்ற மனு தள்ளுபடியானது. வெளியே வந்ததும் வேம்பு முருகையனிடம் ஒன்று மட்டும் சொன்னாள். "கையப் பிடிச்சப்பக்கூட அவமேல எனக்குக் கோவம் வரலண்ணே. புல்லுன்னு சொன்னா பாருங்க."

ஹமீதா பானு விஷயம் கேள்விப்பட்டு ஸ்டேஷன் ரோட்டிலிருந்து ஓடி வந்தாள். கையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கப் பார்த்தாள். சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. "நாந்தானே புள்ள சொல்லிக் கொடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு அவள் எங்கேயும் வகுப்பு எடுத்ததாகத் தெரியவில்லை.

இளையபெருமாள் திருப்பூருக்கே வந்துவிடச் சொன்னான். வேம்பு போகவில்லை. முருகையன் மேல்முறையீடு போட்டார். அது தோற்றது. பிறகு சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டுத் தடை வாங்கினார். ஆட்சி மாறியபோதெல்லாம் புது மனு எழுதினார்கள். அமைச்சர்கள் வந்தபோது கூட்டத்தில் முண்டிப்போய்க் கொடுத்தார்கள். இராஜாங்கம் செத்துப்போனார். அவர் மகன் ஏஜெண்டாக வந்தார்.

வழக்கு இன்னும் தஞ்சாவூர் கோர்ட்டில் இருக்கிறது. தடை இருப்பதால் நிலத்தை விற்க அவர்களாலும் முடியவில்லை, உழ வேம்பாலும் முடியவில்லை. நாலு மாவிலும் கோரை மண்டிக் கிடக்கிறது. பிரகதாம்பாள் வேளாங்கண்ணிப் பக்கம் சப்-இன்ஸ்பெக்டராக இருக்கிறாள், ஊருக்கு வருவதில்லை. வேம்பு நூறு நாள் வேலைக்குப் போகிறாள். அடுத்த வாய்தா தை மாதம்.